சென்னைப் பல்கலைக் கழகமும் கணித ஆராய்ச்சி மாணவரும்

1. முன்னுரை

பல்கலைக் கழகம் என்பது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் இடமா, புத்தறிவை ஆக்கும் இடமா என்னும் வினா நம் நாட்டில் நெடுங்காலமாக எழுந்து வருவதொன்று. 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக் கழகம், இலண்டன் பல்கலைக் கழகத்தின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டது. கற்பிக்கும் பணி கல்லூரிகளுக்கும், தேர்வு நடத்தும் பணி பல்கலைக் கழகத்திற்கும் உரியனவாயின. ஆராய்ச்சி என்னும் மூன்றாவது பணிக்கு அவ்வமைப்பில் இடம் வகுக்கப்படவில்லை. அவ்விடம் பின்னர் எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் கணிதத் துறையின் வரலாற்றைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாராய்ச்சி இதழில் கணிதத் துறையின் வரலாறு எற்றிற்கு என்று சிலர் வினவக்கூடும். துறைகள் வேறாயினும் ஆராய்ச்சி மாணவரின் நிலை எல்லாத் துறைகளிலும் ஒன்றே. பொருள் தேர்தல், வழிகாட்டியை நாடுதல், கண்டதை எழுதி ஒப்புவித்தல், ஒப்புவித்ததை அறிந்தார் ஒருவர் ஆய்ந்து கூறுதல் ஆகிய நான்கும் பண்டை இலக்கியத்தை ஆராய்வார்க்கும் எண்களை ஆராய்வார்க்கும் பொதுவானவை. இந்நான்கும் எவ்வாறு ஒவ்வொன்றாக இங்கு வந்து சேர்ந்தன என்பதைக் கணிதத் துறையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. ஆதலின் அதனை ஈண்டு எடுத்துக் கொண்டோம்.

2. கல்லூரிக்கு வெளியே பிறந்த ஆராய்ச்சி

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக் கழகச் சட்டம், பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கவும் ஆராய்ச்சியை வளர்க்கவும் பல்கலைக் கழகங்களுக்கு உரிமை அளித்தது. ஆயினும் உரிமை வேறு, செயல் வேறு. அக்காலத்தில் கணிதத்தில் மேற்படிப்பு என்பது பெரும்பாலும் கடினமான வினாக்களை விரைந்து தீர்க்கும் பயிற்சியாகவே இருந்தது. பிறர் கண்டவற்றைக் கற்றுத் தேறுவதே அதன் எல்லை.

அவ்வெல்லையைக் கடக்க முயன்றோர் பல்கலைக் கழகத்திற்குப் புறத்தே இருந்தனர் என்பது கருதத்தக்கது. 1907ஆம் ஆண்டில் வி. இராமசாமி ஐயர் ஒரு கழகத்தைத் தோற்றுவித்தார். அதுவே பின்னர் இந்தியக் கணிதக் கழகம் எனப் பெயர் பெற்றது. அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். டிப்டி கலெக்டராகப் பணியாற்றியவர். வெளிநாட்டுக் கணித இதழ்களை ஒருவரே வாங்குதல் அரிதாகையால், உறுப்பினர் பலர் கூடிப் பொருள் அளித்து வாங்கி, அஞ்சல் வழியாக ஒருவர்க்கொருவர் அனுப்பிப் படித்து வந்தனர். கழகத்தின் இதழில் கட்டுரைகளோடு வினாக்களும் வெளியாயின. விடை கண்டோர் எழுதி அனுப்பினர். ஆராய்ச்சி மாணவர்க்கு முதற்கண் வேண்டப்படுவது தம்மையொத்த ஆர்வம் உடையாரின் கூட்டம். அக்கூட்டத்தைப் பல்கலைக் கழகத்திற்கு முன்னரே இவ்வஞ்சல் வட்டம் அமைத்துக் கொடுத்தது எனலாம்.

1910இல் திருக்கோவலூரில் பணியாற்றிக் கொண்டிருந்த இராமசாமி ஐயரை நாடி, வேலை வேண்டி, இளைஞர் ஒருவர் வந்தார். அவர் கையில் குறிப்பேடுகள் இருந்தன. எஃப். ஏ. தேர்வில் தேறாத அவ்விளைஞரே சீனிவாச இராமானுசன் ஆவார். அவர்தம் முதற் கட்டுரை, பெர்னூலி எண்களின் இயல்புகளைப் பற்றியது, 1911ஆம் ஆண்டில் அக்கழகத்தின் இதழில் வெளிவந்தது.

3. விதியும் விலக்கும்: 1913

1912 மார்ச்சுத் திங்களில் இராமானுசன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இவை யாவரும் அறிந்தவை. அதன்பின் சென்னையில் நிகழ்ந்தனவே நம் பொருளுக்கு இன்றியமையாதன.

அவ்வாண்டு பிப்ரவரியில் வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று திரினிடிக் கல்லூரியின் உறுப்பினராயிருந்த அவருக்குத் துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இராமானுசனின் குறிப்பேடுகளைக் காட்டினார். வாக்கர் பிப்ரவரி 26ஆம் நாள் பல்கலைக் கழகப் பதிவாளருக்கு எழுதினார்: இவ்வகைக் கணிதம் தம் துறையன்று, ஆயினும் இவ்விளைஞர் வாழ்க்கைக் கவலையின்றிச் சில ஆண்டுகள் ஆராயப் பல்கலைக் கழகம் உதவுதல் தகும் என்பது அக்கடிதத்தின் கருத்து. மார்ச்சு 19ஆம் நாள், பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் பி. அனுமந்தராவின் அழைப்பின்படி கணிதப் பாடக் குழு கூடித் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவிச் சம்பளம் இரண்டாண்டிற்கு வழங்குமாறு பரிந்துரைத்தது.

ஏப்பிரல் 7ஆம் நாள் அப்பரிந்துரை சிண்டிகேட்டின் முன் வந்தபோது தடை ஒன்று எழுந்தது. முதுகலைப் பட்டம் உடையார்க்கே ஆராய்ச்சி உதவிச் சம்பளம் உரியது என்பது விதி. இராமானுசனிடம் இளங்கலைப் பட்டமும் இல்லை. அவ்வேளையில் உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர், ஆராய்ச்சியை வளர்த்தலும் பல்கலைக் கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று எனச் சட்டத்தின் முகப்பே கூறுவதை எடுத்துக் காட்டினார். துணை விதியினும் சட்டத்தின் நோக்கம் வலிது என்பது அவர் வாதம். சிண்டிகேட்டு இசைந்தது. 1913 மே முதல் நாள் தொடங்கி இராமானுசன் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி மாணவரானார்.

இராமானுசனைச் சென்னை புறக்கணித்தது என்று எழுதுவாரும், சென்னைப் பல்கலைக் கழகமே அவரைக் கண்டெடுத்தது என்று எழுதுவாரும் உளர். இருவர் கூற்றும் முழுதும் பொருந்தா என்பது எம் கருத்து. வாக்கரின் கடிதத்திற்கும் சிண்டிகேட்டின் முடிவிற்கும் இடைப்பட்டவை நாற்பது நாட்களே. அரசாங்க அலுவல்கள் நடைபெறும் விரைவை அறிந்தார் இதனைப் புறக்கணிப்பு என்னார். ஆனால் அந்நாற்பது நாட்களுக்கு முன், தேர்வில் தேறாத காரணத்தால் அவர் வறுமையில் கழித்த ஆண்டுகள் பல. அவ்வாண்டுகளில் பல்கலைக் கழகம் அவரை அறிந்ததெல்லாம் தோற்றோர் பட்டியலில் மட்டுமே. அதனின்று அவரை மீட்டது பல்கலைக் கழகத்தின் அமைப்பு அன்று. அவ்வமைப்பின் விதியை அதன் நோக்கத்தைக் கொண்டே வென்ற சில தனி மனிதரின் நேர்மையே ஆகும்.

4. மூன்று அறிக்கைகள்

உதவிச் சம்பளத்தோடு ஒரு கடமையும் விதிக்கப்பெற்றது. மூன்று திங்களுக்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியின் நிலையைப் பற்றிப் பாடக் குழுவிற்கு அவர் அறிக்கை அளித்தல் வேண்டும். இராமானுசன் அளித்த அறிக்கைகள் மூன்று: 1913 ஆகத்து 5, 1913 நவம்பர் 7, 1914 மார்ச்சு 9 ஆகிய நாட்களுக்குரியவை அவை.

இவ்வறிக்கைகளின் உள்ளீடு சிறிது விளக்கத்தக்கது. வரையறுத்த தொகையீடுகளைக் காண்பதற்கு ஒரு பொது வழியை அவற்றில் இராமானுசன் கூறினார். ஒரு சார்பை முடிவிலாத் தொடராக விரித்தால் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கெழு உண்டு. அக்கெழுக்கள் 0, 1, 2, 3 என்னும் வரிசை எண்களுக்கே முதலில் வரையறுக்கப்படுகின்றன. கெழுவைக் குறிக்கும் அதே கோவையில் வரிசை எண்ணுக்கு மாறாக ஒரு குறை எண்ணை இட்டால், வேறொரு தொகையீட்டின் மதிப்பு நேரே வந்து நிற்கும் என்பது அவர் கண்ட முடிபு. எண்ணுக்கு எண் தாவிச் செல்லும் ஒன்றை இடைவெளியின்றி ஓடும் ஒன்றாக நீட்டி, அதனைப் பின்னோக்கியும் செலுத்தும் துணிவு அதில் உள்ளது. அம்முடிபு எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தாது. எவற்றிற்குப் பொருந்தும் என்பதை வரையறுக்கும் நெறி அவரிடம் அப்போது இல்லை. 1940இல் வெளிவந்த தம் நூலின் இயல் ஒன்றில் ஹார்டி அவ்வெல்லைகளை ஆராய்ந்தார். இன்று இராமானுசனின் தலைமைத் தேற்றம் எனக் கணித நூல்கள் குறிப்பது இதுவே.

அவ்வறிக்கைகளைப் படித்து, இது சரி, இங்கு நிறுவல் வேண்டும், இதனை முன்னரே இன்னார் கண்டுளர் என்று கூறவல்லார் சென்னையில் அன்று இலர். பாடக் குழுவினர் நல்லெண்ணம் உடையவர், தக்க ஆசிரியர், எனினும் அவர்தம் படிப்பு வேறு வகையினது. உதவிச் சம்பளம் கிடைத்தது; காலம் கிடைத்தது; எழுதி ஒப்புவிக்கும் ஒழுங்கும் கிடைத்தது. ஒப்புவித்ததை ஆய்ந்து கூறும் வாசகர் மட்டும் கிடைத்திலர். அவ்வாசகரை நாடியே இராமானுசன் கடல் கடக்க நேர்ந்தது. மூன்றாம் அறிக்கை நாளிட்ட எட்டாம் நாள், 1914 மார்ச்சு 17இல், அவர் கப்பலேறினார். ஆண்டுக்கு 250 பவுனாக ஈராண்டிற்கு உதவிச் சம்பளத்தையும் வழிச் செலவையும் அளித்து அனுப்பியது சென்னைப் பல்கலைக் கழகமே.

இன்னும் ஒன்று சொல்லுதற்கு உண்டு. அம்மூன்று அறிக்கைகளின் மூலங்கள் இன்று கிடைக்கவில்லை. 1925இல் ஒருவர் கையால் பெயர்த்து எழுதிய படி எஞ்சியமையாலேயே அவற்றின் உள்ளீடு நமக்குத் தெரிகின்றது. ஏடு காத்தலின் அருமையைத் தமிழ் மாணவர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பழந்தமிழ் நூல்கள் ஏடெழுதுவோர் கையால் பிழைத்தமை போலவே, இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சி அறிக்கையும் பெயர்த்தெழுதியவர் கையால் பிழைத்தது.

5. வழிகாட்டும் மரபு தோன்றுதல்

இராமானுசன் 1919இல் திரும்பி, 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் திரும்பிய அதே 1919இல் கேம்பிரிட்ஜிலிருந்து வேறொருவரும் திரும்பினார். அவர் கே. ஆனந்தராவ். அவரும் ஹார்டியிடம் பயின்றவர். மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். முடிவிலாத் தொடர்களின் கூட்டல் நெறியில் அவர் ஆராய்ச்சி செய்தார். பிறர் எழுதியதைப் பொறுமையுடன் படித்துத் திருத்தும் ஆற்றலும் அவர்க்கு இருந்தது. 1913இல் இல்லாதிருந்த வாசகர் இவ்வாறு வந்து சேர்ந்தார்.

1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக் கழகச் சட்டம் பல்கலைக் கழகத்தின் கற்பிக்கும் பணிக்கும் ஆராய்ச்சிப் பணிக்கும் வழி வகுத்தது. 1927இல் ஆர். வைத்தியநாதசுவாமி கணித ரீடராக அமர்ந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர் நாட்டம் பல துறைகளிலும் சென்றது. எண்சார்புகளைப் பற்றிய அவர்தம் நீண்ட கட்டுரை 1931இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இடவியல் பற்றிய அவர் நூல் 1947இல் வெளிவந்தது. இந்தியக் கணிதக் கழகத்தின் இதழைப் பல்லாண்டு பதிப்பித்தவரும் அவரே. ஆராய்ச்சி மாணவர் எழுதியது வெளிவரும் இடமும், அதனை மதிப்பிடுவாரும் ஒரே நகரத்தில் அமைந்தமை மாணவர்க்குப் பெருந்துணையாயிற்று.

இவ்விருவரிடமும் ஆராய்ச்சி கற்றவர் பலர். வல்லத்தில் 1901இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, டி. விசயராகவன், எஸ். மீனாட்சிசுந்தரம், சி. டி. இராசகோபால், கே. சந்திரசேகரன் முதலியோர் அவருட் குறிப்பிடத்தக்கவர். பின்னர் 1939இல் இலயோலாக் கல்லூரிக்கு வந்த அருட்டந்தை இராசீன், பாரிசில் கார்த்தானிடம் பயின்ற புதிய கணிதத்தை இங்குள்ள மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். கேம்பிரிட்ஜ் வழி ஒன்றே அறிந்திருந்த சென்னைக்குப் பிரெஞ்சு வழியும் தெரிய வந்தது.

6. மரபின் பயன்: ஓர் எடுத்துக்காட்டு

இம்மரபு என்ன பயன் தந்தது என்பதைப் பிள்ளையின் ஆராய்ச்சி ஒன்றால் விளக்குவாம். 1770இல் வாரிங்கு என்னும் ஆங்கிலேயர், எவ்வெண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டாகவோ, பத்தொன்பது நான்காம் படிகளின் கூட்டாகவோ எழுதலாம் என்று நிறுவலின்றிக் கூறிச் சென்றார். ஒவ்வொரு படிக்கும் இத்தகைய ஓர் எல்லை உண்டு என்பதை 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். அவ்வெல்லை எத்துணை என்பதே எஞ்சிய வினா.

ஆறாம் படியை நோக்குவோம். இரண்டின் ஆறாம் படி 64. மூன்றின் ஆறாம் படி 729. ஆகவே 703 என்னும் எண்ணை ஆறாம் படிகளால் அமைக்க 64ஐயும் 1ஐயும் மட்டுமே கொள்ளலாம். பத்து 64கள் 640 ஆகும். எஞ்சிய 63க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள் வேண்டும். ஆக 73 உறுப்புகள். எனவே 73க்குக் குறைந்த எல்லை போதாது என்பது பள்ளி மாணவர்க்கும் விளங்கும். ஆனால் எவ்வெண்ணுக்கும் 73 போதும் என்று நிறுவுதல் எளிதன்று. அதனை 1940இல் நிறுவியவர் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் அப்போது விரிவுரையாளராயிருந்த பிள்ளை. ஏழாம் படி முதலாக உள்ளவற்றிற்கு அவரும் அமெரிக்கரான டிக்சனும் ஒருவரையொருவர் சாராது முன்னரே பெரும்பகுதி விடை கண்டிருந்தனர். நான்காம் படிக்கு 19 போதும் என்பது 1986இல்தான் நிறுவப்பெற்றது. அதனை நிறுவிய மூவருள் ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன் என்பது ஈண்டு நினையத்தக்கது.

பிள்ளை கடல் கடவாமலே இதனைச் செய்தார். 1913க்கும் 1940க்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. இராமானுசனின் அறிக்கையைப் படிக்கச் சென்னையில் ஆளில்லை. பிள்ளையின் கட்டுரையைப் படிக்கச் சென்னையிலும் சிதம்பரத்திலும் ஆளிருந்தனர். பின்னர்ப் பிரின்சுடன் உயராராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. 1950 ஆகத்து 31ஆம் நாள் அமெரிக்கா நோக்கிச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கு அருகே வானூர்தி விபத்தில் அவர் உயிர் துறந்தார். அப்போது அவர்க்கு வயது நாற்பத்தொன்பது.

7. நிலையம் ஒன்றின் தோற்றமும் இடுக்கணும்

தனி ஆசிரியர் இருவர் மூவரைச் சார்ந்து நிற்கும் மரபு அவர் ஓய்வு பெற்றதும் தளரும். இதனை உணர்ந்தார் போலவே, வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950இல் இராமானுசன் பெயரால் கணித நிலையம் ஒன்றைச் சென்னையில் நிறுவினார். அதன் முதல் இயக்குநர் விசயராகவன். ஆக்சுபோர்டில் ஹார்டியிடம் பயின்ற அவர் பெயர், பிசோ என்னும் பிரெஞ்சுக்காரர் பெயரோடு சேர்ந்து ஒருவகை எண்களுக்கு வழங்குகின்றது. பொன் விகிதம் எனப்படும் 1.618... என்பதைத் தன்னாலேயே பலகாற் பெருக்கிக் கொண்டு போனால் வரும் எண்கள் முழு எண்களை மேன்மேலும் நெருங்கும். பத்தாம் படி 122.99 ஆகி 123ஐ ஒட்டி நிற்கும். இவ்வியல்புடைய எண்களின் வகையே அது.

1955இல் விசயராகவன் மறைந்தார், இராசகோபால் பொறுப்பேற்றார். 1957இல் அழகப்பரும் மறைந்தார். பொருள் தந்தவர் மறைய, நிலையம் மூடப்படும் நிலை நேர்ந்தது. வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் தலைமை அமைச்சர் நேருவிடம் முறையிட்டார், துணைவேந்தர் ஏ. இலக்குமணசுவாமி முதலியார் இசைந்து அவ்வாண்டே பல்கலைக் கழகத்தின் கீழ் நிலையத்தை ஏற்றுக் கொண்டார். 1967இல் பல்கலைக் கழகக் கணிதத் துறையும் நிலையமும் ஒன்றாகி உயராராய்ச்சி நடுவமாயின. அதுவே இன்றும் சேப்பாக்கத்தில் இராமானுசன் பெயரால் விளங்குகின்றது.

எனினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். சந்திரசேகரன் 1949இல் பம்பாய் தாதா நிலையத்திற்குச் சென்று அங்குக் கணிதத் துறையைக் கட்டி எழுப்பினார். இராசீன் அடிகளின் மாணவரான எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேசாத்திரியும் 1953இல் அங்கே சேர்ந்தனர். அவர்கள் பெயரால் வழங்கும் தேற்றம் 1965இல் அங்கிருந்தே வெளிவந்தது. சென்னை விதைத்தது, பம்பாய் விளைவித்தது. இதனைச் சென்னையின் தோல்வி என்று கொள்வாரும் உளர். யாம் அவ்வாறு கொள்ளோம். தேர்வுச் சுமையும் பாடச் சுமையும் மிக்க பல்கலைக் கழகம் ஒன்று, ஆராய்ச்சிக்கென்றே அமைந்த நிலையத்தோடு போட்டியிடுதல் அரிது. பிள்ளைகளைத் தக்க இடத்திற்கு அனுப்பி வைத்தலும் ஆசிரியர் கடமையே. பின்னர்ச் சேசாத்திரி சென்னைக்கே திரும்பி, 1989இல் ஒரு கணித நிலையத்தைத் தொடங்கினார் என்பதும் மறத்தற்குரியதன்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டும்; அது 1913இல் கிடைத்தது. ஒழுங்கு வேண்டும், அது காலாண்டு அறிக்கையாக வந்தது. இடம் வேண்டும், அது 1950இல் அமைந்தது. ஆயினும் இம்மூன்றும் இருந்தும் படித்துக் கூறுவார் இல்லையாயின் ஆராய்ச்சி தங்காது. படித்துக் கூறுவார் ஒருவர் இருப்பின் ஏனையவை குறைந்த காலத்தும் அது தழைக்கும். 1919க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்தில் கணிதத்திற்கெனத் தனி நிலையம் இல்லை; ஆயினும் சென்னையின் கணிதம் அக்காலத்திலேயே செழித்தது.

நம் தமிழ்த் துறைகளிலும் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் ஒப்புவிக்கப்படுகின்றன. முன்னேற்ற அறிக்கைகளும் நாள் தவறாமல் பதிவாகின்றன. அவற்றுள் எத்தனை முற்றும் படிக்கப்படுகின்றன என்று ஆசிரியராகிய நாம் நம்மையே வினவிக் கொள்ளுதல் வேண்டும். எட்டாம் வரியிற் பிழை கண்டு மாணவரை அழைத்துக் கூறும் ஆசிரியரே மாணவர்க்குப் பல்கலைக் கழகம் ஆவார். பட்டமில்லாத எழுத்தர் ஒருவரின் அறிக்கைக்காகச் சென்னை ஒருமுறை தன் விதியைத் தளர்த்தியது. அவ்வறிக்கையைப் படிப்பார் இல்லாமையால் அவரைக் கடல் கடந்து அனுப்ப நேர்ந்தது. முன்னது நமக்குப் பெருமை தருவது. பின்னது நமக்குக் கடமையை உணர்த்துவது.